மெட்ராஸ் வந்துருச்சா?

ராஜபாளையத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் இரண்டே வகை. பொதிகை ரயிலில் டிக்கெட் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள். நான் எப்போதும் இரண்டாவது வகை. நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கிற வேலை எனக்கு. மில்லில் ஏதாவது நின்றுபோனால்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட மறுநாள் காலையில் போய் நிற்க வேண்டும். 60 நாளுக்கு முன்பே ரயில் டிக்கெட் போட்டு வைக்கிற யோகமெல்லாம் இந்தப் பிழைப்பில் கிடையாது. அதனால் இருபது வருடமாக ராத்திரி பஸ்தான். சென்னை மட்டுமில்லை, பானிபட், அகமதாபாத், கொல்கத்தா, ஹைதராபாத் என்று நூலோ துணியோ ஓடுகிற ஊர்களிலெல்லாம் போய் இறங்கியிருக்கிறேன். சுற்றிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. டெல்லிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போயும் தாஜ்மகாலை இன்னும் பார்க்கவில்லை, வீட்டில் இன்றைக்கும் அதற்குத் திட்டு விழுகிறது. ஆனால் விடியற்காலை 5 மணிக்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறவனை எந்த ஊர் எப்படி நடத்துகிறது என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் சொல்லத் தெரியும்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஓர் அம்மா. அவர் பெயர் தெரியாது, கேட்கவும் இல்லை. 2024 மே மாதம், மாம்பழ சீசன். எனக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டைப்பை, காலுக்கு நடுவே சணல் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. பெட்டியில் சப்பட்டை மாம்பழம் என்று சொல்லாமலே பஸ் முழுக்கத் தெரிந்தது. மகள் வீடு பெரம்பூரில். விக்கிரவாண்டிப் பக்கம் மோட்டலில் வண்டி நின்றபோது விழித்துக்கொண்டு, "மெட்ராஸ் வந்துருச்சா தம்பி?" என்றார். இன்னும் இல்லை என்றேன். பரனூர் டோல்கேட் வெளிச்சத்தில் மறுபடியும், "மெட்ராஸ் வந்துருச்சா?" இல்லம்மா, தூங்குங்க, வந்தா நான் எழுப்புறேன் என்றேன்.

நாம் அப்படித்தான் பேசுகிறோம். நாம் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்வதில்லை. மதுரை வந்துருச்சு, திண்டிவனம் வந்துருச்சு என்கிறோம். நாம் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறோம், ஊர்தான் எழுந்து நம்மை நோக்கி நடந்து வருகிறது. பேச்சு வழக்குதான், இதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கோசு வாடை

4:40-க்கு விளக்கைப் போட்டார்கள். கண்டக்டர் முன்னாலிருந்து பின்னால் வரை சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார். "கிளாம்பாக்கம், கிளாம்பாக்கம். கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்கிக்கோங்க." அந்த அம்மா அசையவில்லை.

"நான் மெட்ராஸ் போகணும்யா."

"இதாம்மா மெட்ராஸ்."

"கோயம்பேடு வரலையே?"

"கோயம்பேட்டுக்கு இப்ப நாங்க போறதில்லம்மா. எல்லாமே இங்கதான்."

அவர் ஜன்னலைத் தள்ளித் திறந்து மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். "கோயம்பேடுன்னா கோசு அழுகுன வாடை அடிக்குமே. இங்க ஒண்ணுமே அடிக்கலையே?" என்றார், ஏதோ நாங்கள் இருவரும் சேர்ந்து அவரை ஏமாற்றப் பார்ப்பதைப் போல. கண்டக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அந்த அம்மாவுக்குப் போர்டு படிக்க வராது. கோயம்பேட்டை அவர் தெரிந்து வைத்திருந்தது பக்கத்துக் காய்கறிச் சந்தையின் வாடையை வைத்து. ஒரு வகையில் அது கூகுள் மேப்பைவிடத் துல்லியமான அடையாளம், சார்ஜ் இறங்காது. இரண்டு வருடம் முன்னால் பேத்தி சடங்குக்கு வந்தாராம். "கோயம்பேட்டுல இறங்கினா பெரம்பூர் பஸ்ஸுக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் போயிருவேன்," என்றார். மகள் போனில் ஏதோ சொல்லியிருக்கிறாள், ஸ்டாண்டு மாறிருச்சு என்று. ஸ்டாண்டு மாறுவது என்றால் எதிர்ப்பக்கத்துக்கு மாறியிருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார். 30 கிலோமீட்டர் பக்கம் மாறும் என்று யார் நினைப்பார்கள்? மாப்பிள்ளைக்கு நைட் டூட்டி. கூட்டிப்போக ஆள் இல்லை.

சரி வாங்க, நானும் கோயம்பேடுதான் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். நான் அம்பத்தூர் போக வேண்டும், அதற்கும் அந்த வழிதான் எனக்குப் பழக்கம். உள்ளே நடந்தோம். ஒரு குறையும் சொல்ல முடியாத கட்டடம். உயரமான கூரை, பட்டப்பகல் மாதிரி விளக்கு, முகம் தெரிகிற தரை. அந்தத் தரையைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வழுக்கும் என்ற பயமா, அழுக்காகிவிடும் என்ற கூச்சமா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியூர் பஸ் நிற்கிற இடத்திலிருந்து டவுன் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அப்படியே வெறுங்காலோடு வந்தார்.

டவுன் பஸ் பக்கத்தில் முதலில் நின்றது ஏசி வண்டி. அடுத்தது டீலக்ஸ். இரண்டிலும் ஏறமாட்டேன் என்றுவிட்டார். "அதுல காசு கேப்பான் தம்பி. பிங்க் கலர் மூஞ்சி வச்ச வண்டி வரட்டும்." 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சென்னையில் அந்த வண்டிகளுக்கு முன்னாலும் பின்னாலும் பிங்க் அடித்துவிட்டார்கள், எழுத்துத் தெரியாதவர்களுக்கும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி. யார் யோசனையோ, நல்ல யோசனை. டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றேன். ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. பிங்க் வண்டி வந்தது, ஏறினோம்.

ராஜபாளையத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்தபோது ஒன்றும் சொல்லாதவர், தாம்பரம் தாண்டியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ராவு பூரா வந்தது தெரியலை. இந்தக் கொஞ்சந்தூரந்தான் ஆளைக் கொல்லுது." நான் அப்படியே தூங்கிப் போனேன். எழுப்புகிறேன் என்று சொன்னவன் நான், எழுப்பியது அவர். தோளில் தட்டினார். ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்திருந்தது. கோசுதான், கூடவே கொஞ்சம் மல்லித்தழை.

"எந்திரி தம்பி. மெட்ராஸ் வந்துருச்சு."

நான் எந்தக் கட்சி

இங்கே ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்டு கிளாம்பாக்கத்துக்குப் போக வேண்டும் என்று நான்தான் ஊரெல்லாம் வாதாடிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி மதுரவாயலிலிருந்து பெருங்களத்தூர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆனது எனக்கு. அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்த பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தினால் என்ன கேடு என்று நினைத்தவன் நான். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் திறந்தார்கள். 88 ஏக்கர், 390 கோடிக்கு மேல் செலவு. கோயம்பேட்டுக்குப் பக்கத்தில் அரும்பாக்கத்தில் இருக்கிற என் மச்சான் போன் போட்டு, "மச்சான், முதல் தடவையா ராத்திரி ஹாரன் சத்தம் இல்லாமத் தூங்கினேன்," என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அம்மாவைப் பெரம்பூர் வண்டியில் ஏற்றிவிட்டு மச்சான் வீட்டில்தான் குளித்தேன். நடந்ததைச் சொன்னேன். "கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், பழகிரும். நெரிசல் எவ்வளவு குறைஞ்சிருக்கு பாரு," என்றார். குறைந்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க மில்லில் எனக்கு வேலை ஓடவில்லை. 40 பேரை ஏற்றிக்கொண்டு ஒரே வண்டி கோயம்பேடு வரை வந்துகொண்டிருந்தது. இப்போது அந்த வண்டி ஊர் வாசலில் நின்றுவிடுகிறது. அந்த 40 பேரும் சென்னைக்குப் போகாமல் திரும்பிவிடுவதில்லையே. டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, கால் டாக்ஸி, தம்பியின் பைக், மாப்பிள்ளையின் கார் என்று ஆளுக்கொரு வழியில் அதே ஊருக்குள்தான் போகிறார்கள். சாலையில் இருந்த நெரிசலில் ஒரு பகுதி அந்த அம்மாவின் இடுப்புக்கு மாறியிருக்கிறது. அதை எந்தக் கேமராவும் பிடிக்காது. ஊருக்கு வெளியே வைத்தது நல்லது என்று சொல்கிற எங்கள் எல்லோருக்கும் கூட்டிப்போக வண்டி இருந்தது என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

மச்சான் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கோயம்பேடும் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியேதான். நான் முதன்முதலில் சென்னைக்கு வந்தபோது பாரிமுனையில் போய் இறங்கினேன். எதிரே ஹைகோர்ட், பக்கத்தில் பூக்கடை, கொஞ்சம் நடந்தால் சென்ட்ரல். கொத்தவால்சாவடி சந்தையை 1996-இல் கோயம்பேட்டுக்குக் கிளப்பினார்கள், 2002 நவம்பரில் பஸ்ஸும் பின்னாலேயே போனது. அப்போதும் இதே பேச்சுதான்: கோயம்பேடா, அது எங்கேயோ காட்டுக்குள்ள இல்ல இருக்கு? அப்புறம் காட்டைச் சுற்றி ஊர் முளைத்தது. லாட்ஜ் வந்தது, மெஸ் வந்தது, என் மச்சான் மாதிரி ஆட்கள் அங்கே பிளாட் வாங்கினார்கள், வாங்கியவர்களுக்கு ஹாரன் சத்தம் தொந்தரவாக இருந்தது. கிளாம்பாக்கத்தைச் சுற்றியும் இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் ஒரு ஊர் வந்துவிடும். அந்த ஊர்க்காரர்களும் ஒரு நாள் தூக்கம் போகிறது என்பார்கள்.

என்னைக் குடைவது வேறு. சென்னை மெட்ரோவின் முதல் தடம் 2015 ஜூன் 29 அன்று ஓடத் தொடங்கியது. எங்கிருந்து எங்கே? கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை. பஸ் ஸ்டாண்டுக்கு என்றே ஒரு ஸ்டேஷன். அதில் முதல் வாரமே ஏறினேன். ராத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி, அப்படியே ஏசி ரயிலில் போய் நிற்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டைத் தேடி ரயில் வந்து சேர 13 வருடம் ஆனது. வந்து எட்டரை வருடத்தில் பஸ் ஸ்டாண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு, மெட்ரோ இல்லாத இடத்துக்குப் போய்விட்டது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15 கிலோமீட்டர் சொச்சத்துக்கு மெட்ரோவை நீட்டத் திட்டம் இருக்கிறது. முன்னால் பஸ் ஸ்டாண்டு ஓட, பின்னால் மெட்ரோ துரத்த, நடுவில் பெட்டியோடு நாம்.

போய் இறங்கிய மற்ற ஊர்கள்

இதற்கப்புறம் எந்த ஊரில் இறங்கினாலும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பானிபட்டிலிருந்து வருகிற பஸ் டெல்லியில் காஷ்மீரி கேட்டில் விடும். 1976-லிருந்து அங்கேதான் இருக்கிறது அந்த பஸ் ஸ்டாண்டு. அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். தூண்களில் பாக்குத் துப்பிய கறை, விடியற்காலையில் முதல் மெட்ரோவுக்காகப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் கூட்டம், மூட்டையின் மேலேயே சுருண்டு தூங்குகிறவர்கள், அவர்களைத் தாண்டித் தாண்டி டீ விற்கிற பையன்கள். ஆனால் 2002 டிசம்பரில் டெல்லி மெட்ரோ ஓட ஆரம்பித்த முதல் தடத்திலேயே காஷ்மீரி கேட் ஒரு ஸ்டேஷன். இன்று மூன்று தடங்கள் அங்கே சந்திக்கின்றன. டெல்லியிலும் நெரிசல் என்று சொல்லி ஆனந்த் விஹாரில் ஒன்று, சராய் காலே கானில் ஒன்று என்று வேறு பஸ் ஸ்டாண்டுகள் கட்டினார்கள். பழையதை மூடவில்லை. கேட் திறந்ததும் அந்தக் கூட்டம் மொத்தமும் படியில் இறங்கிக் காணாமல் போவதைப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் டீக்காரப் பையன் மட்டும் நின்றுகொண்டிருப்பான்.

ஹைதராபாத்தில் இன்னும் ஒரு படி மேல். அங்கே மெட்ரோவின் ஒரு தடமே பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது: செகந்திராபாத் பக்கம் ஜூபிலி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் மூசி நதிக்கரையில் மகாத்மா காந்தி பஸ் ஸ்டாண்டில் இறங்கலாம். 2020 பிப்ரவரியில் திறந்தார்கள். வரைபடத்தில் அந்தக் கோட்டை முதன்முதலில் பார்த்தபோது, இதைப் போட்டவர் நிச்சயம் வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெட்டியோடு பஸ் மாறியவர் என்று தோன்றியது.

பெங்களூரு கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நடு ஊரில் இருக்கிற மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நெரிசல் என்று ஊர் ஓரத்துப் பீன்யாவில் ஒரு பெரிய பஸ் நிலையம் கட்டி, பசவேஸ்வரர் பெயர் வைத்து, 2014-இல் திறந்தார்கள். பயணிகள் அந்தப் பக்கமே போகவில்லை. கொஞ்ச காலத்தில் பஸ்கள் மெஜஸ்டிக்குக்கே திரும்பிவிட்டன. கோஷம் இல்லை, மறியல் இல்லை. ஜனங்கள் சும்மா வராமல் இருந்தார்கள். அவ்வளவுதான். மெஜஸ்டிக் என்கிற பெயரைக் கொடுத்த சினிமா கொட்டகை எப்போதோ போய்விட்டது, ஏரியைத் தூர்த்த இடத்தில்தான் பஸ் ஸ்டாண்டே நிற்கிறது. ஆனாலும் ரயில், வெளியூர் பஸ், டவுன் பஸ், மெட்ரோ நான்கும் ஒரு ரோட்டைக் கடக்கிற தூரத்தில். அந்த ஒரு ரோட்டைக் கடக்க உயிரைக் கையில் பிடிக்க வேண்டும், அது வேறு விஷயம்.

ஹவுராவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே ஆறு, மேலே பாலம், அக்கரையில் கொல்கத்தா. 2024 மார்ச் முதல் ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் ஓடுகிறது. நான் இன்னும் படகில்தான் போகிறேன். ஊர் வந்துருச்சா என்று அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை, அது கண்ணெதிரே நிற்கும்.

நம் பக்கம் கோவையில் வெள்ளலூரில் 2020-இல் தொடங்கிய பஸ் நிலையம் பாதியில் நிற்கிறது. மதுரைக்காரர்கள் மாட்டுத்தாவணிக்குப் பழகிவிட்டார்கள். மாட்டுச் சந்தை இருந்த இடம் என்பது பெயரிலேயே இருக்கிறது, ஊர் அதையும் விழுங்கிக்கொண்டு தாண்டிப் போய்விட்டது.

பஞ்சப்பூர்

திருச்சியில் எனக்கு ஒரு டீக்கடை உண்டு. கடை என்றால் தள்ளுவண்டி, மத்திய பேருந்து நிலையத்துக்கு எதிரே. பன்னிரண்டு வருடப் பழக்கம். என்னைப் பார்த்ததும் சர்க்கரை கம்மியாகப் போட்டு, கண்ணாடி கிளாஸில் தருவார். மற்றவர்களுக்குப் பேப்பர் கப். 2025 ஜூலையில் வெளியூர் பஸ்கள் மதுரை நெடுஞ்சாலையில் பஞ்சப்பூருக்குப் போகத் தொடங்கின. அடுத்த மாதம் ரயிலில் போனேன். ஜங்ஷனிலிருந்து நடந்தே அவர் வண்டிக்குப் போனேன். காலை 6 மணிக்கு அந்த இடத்தில் இடி விழுகிற மாதிரி கூட்டம் இருக்கும். அன்றைக்கு நான்கு பேர்.

"நீங்களும் அங்க போயிரலாமேண்ணே," என்றேன். கேட்டபிறகுதான் முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது. "அங்க எல்லாம் ஏலக் கடை தம்பி. டெபாசிட்டுக்கே வீட்டை விக்கணும். வெளிய நின்னா ஹைவே, எவன் நிப்பான்?" என்றபடி கிளாஸைக் கழுவினார். நடைபாதை வியாபாரிகளுக்கென்று 2014-இல் ஒரு சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் யாரையும் அகற்றக்கூடாது என்று சொல்கிறது. இவரை யாரும் அகற்றவில்லையே. அவர் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறார். எதிரே நின்ற பஸ்கள்தான் போய்விட்டன. அதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன். காசு வாங்கும்போது, "பஸ்ல வந்தா இங்க வரமாட்டீங்க இனிமே," என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். வருவேன் என்றேன்.

போன மாதம் மதுரையிலிருந்து பஸ்ஸில் திருச்சி போனேன். துவரங்குறிச்சி வரை நினைவு இருந்தது, அப்புறம் தூங்கிவிட்டேன். விளக்கு போட்டதும் கண்ணைத் திறந்தால் பாதி வண்டி எழுந்து நிற்கிறது. வெளியே பெரிய கட்டடம், பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், முகம் தெரிகிற தரை. நான் உட்கார்ந்தே இருந்தேன். எல்லோரும் இறங்கின பிறகு கண்டக்டர் சின்னப் பையன் ஒருவன் வந்து தோளைத் தொட்டான்.

"அண்ணே, திருச்சி வந்துருச்சு. இறங்கலையா?"

நான் ஜன்னல் வழியாக மலைக்கோட்டை எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.